சொன்னவர் பெயர் உதிர்ந்த செய்தி

1806 ஜூன் நடுவில், வேலூர்க் கோட்டையில் இருந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் படைப்பிரிவின் தலைவர் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் இரகசியமாக ஒரு தகவல் சொன்னார். சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களைத் தீர்த்துக்கட்டச் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தகவல். ஃபோர்ப்ஸ் அதைத் தள்ளிவிடவில்லை, விசாரிக்கத்தான் செய்தார். ஆனால் விசாரிக்கும் பொறுப்பைப் படையில் இருந்த இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்களில் சிலர் அந்தத் திட்டத்துக்கு உடந்தை. முஸ்தபா பேக்குக்குச் சித்தம் சரியில்லை என்று அவர்கள் சொல்ல, தகவல் கொண்டுவந்தவர் காவலில் அடைபட்டார். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன.

அதே நாட்களில் கடைத்தெருவில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாகக் கொடுத்த தலைப்பாகையில் வைத்திருந்த இலச்சினை தோலால் ஆனது. மாட்டுத் தோல் என்றார்கள், பன்றித் தோல் என்றார்கள். அதைத் தலையில் ஏற்றிவிட்டால் அடுத்தது மதமாற்றம்தான் என்றார்கள். தோல் என்பது மட்டும் உண்மை. மற்றது யார் வாயில் புறப்பட்டது என்று கேட்பாரில்லை. நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையால் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தவர்களிடம் அந்தப் பேச்சு சட்டென்று பற்றிக்கொண்டது. பேரும் முகமுமாக வந்து சொன்னவர் உள்ளே இருந்தார், பேரில்லாத பேச்சு வெளியே உலவியது. புரட்சி அடக்கப்பட்ட பிறகு கம்பெனி அரசு முஸ்தபா பேக்குக்கு வெகுமதி கொடுத்தது. அதற்குள் கோட்டையில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள்.

கைபேசியும் சமூக ஊடகமும் செய்தித் தொழிலை என்ன செய்துவிட்டன என்று பேசும்போதெல்லாம் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. வேகம் பழைய கதை. தந்தி வந்தபோதும் வானொலி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். வேகத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது: செய்தியிலிருந்து சொன்னவர் உதிர்ந்துவிட்டார். இது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அல்ல. பிறர் சொல்லிக் கேட்டது அறிவாகுமா, ஆகும் என்றால் எந்த நிபந்தனையில், அதை அடுத்தவரிடம் கொண்டுபோகிறவன் எதற்குப் பொறுப்பு என்பவை மதங்களும் தத்துவங்களும் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விகள். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் நீளும் தோல் பட்டறை ஊர்களில் இந்தக் கேள்விக்குத் தனி வேகம் உண்டு. பேச்சு ஒன்று உயிரைக் குடித்த ஊர்களும் இங்கே இருக்கின்றன. யார் சொன்னது என்று கேட்பதையே படிப்பாக வைத்திருக்கும் பள்ளிகளும் இங்கேதான் இருக்கின்றன.

2018 ஏப்ரலில் வட தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்தி சுற்றியது: வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிப் போகிறார்கள், உறுப்புகளைத் திருடுகிறார்கள். சில குரல் பதிவுகளில் பேசியவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே பேசினார்கள், ஊர்ப் பெயர்களைக்கூடச் சொன்னார்கள். கூடவே ஒரு காணொலி. மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவனை அள்ளிக்கொண்டு பறக்கும் காட்சி. அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விளம்பரப் படம். அசல் படத்தின் கடைசியில் அதே ஆட்கள் சிறுவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். எடுத்தவர் பெயரும் அதோடு போயிற்று.

அந்த ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டத்துப் பரசுராமன்பட்டியில் இந்தி பேசிய ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். மே 9ஆம் தேதி, பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்த அத்திமூரில், சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த 65 வயதுப் பெண்ணுக்கும் அதே கதி. வழி கேட்க நிறுத்திய இடத்தில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. அந்தத் தாக்குதலின் காணொலியும் பிறகு கைபேசிகளில் சுற்றியது.

இந்த இரண்டு ஊரிலும் அடித்தவர்களில் யாரிடமாவது, பிள்ளை பிடிக்கிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? எல்லாக் குரூப்பிலும் வந்ததே என்பதுதான். அந்தப் பதிலில் ஒரு தத்துவப் பிழை ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஆம்பூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் போதும்.

ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்ற அரபுக் கல்லூரி இருக்கிறது. 1924இல் அதைத் தொடங்கியவர் தோல் வணிகரான காக்கா முஹம்மது உமர். ஊரின் பெயரே அவர் பெயர். வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி இருக்கிறது. பெயருக்குப் பின்னால் பாகவி என்றோ உமரி என்றோ போட்டுக்கொள்ளும் ஆலிம்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் தமிழ்நாடு முழுவதும் பள்ளிவாசல்களில் இருப்பது இந்த இரண்டு இடங்களால்தான். உப்பு போட்ட பச்சைத் தோலில் சம்பாதித்த பணம், சொல்லைச் சோதிக்கும் கல்விக்கும் போயிருக்கிறது.

அந்தக் கல்வியில் நபிமொழிக்குத் தனி இடம். இமாம் புகாரி தொகுத்த ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழியைத் திறந்தால் நபிகள் சொன்னது எடுத்த எடுப்பில் வராது. முதலில் ஆட்கள் வருவார்கள். புகாரிக்குச் சொன்னவர் ஹுமைதீ. அவருக்குச் சொன்னவர் சுஃப்யான். அவருக்கு யஹ்யா பின் சயீத், அவருக்கு முஹம்மது பின் இப்ராஹீம், அவருக்கு அல்கமா, அவருக்கு நபித்தோழர் உமர். ஆறு பேரைத் தாண்டினால்தான் விஷயம். இதைத் தமிழ் முஸ்லிம்கள் அறிவிப்பாளர் தொடர் என்பார்கள். தொடரில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார், யாரைச் சந்தித்தார், ஞாபகசக்தி எப்படி, கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறியதா, பொய் சொல்லி மாட்டியதுண்டா என்று பதிவு செய்த வாழ்க்கைக் குறிப்பு நூல்கள் தொகுதி தொகுதியாக உண்டு. தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போனாலோ, ஒருவர் பெயர் சொல்லப்படாமல் இருந்தாலோ, சொல்லப்பட்ட விஷயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பலவீனமானது என்று ஒதுங்கும்.

இந்தச் சோதனை ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. முதல் தலைமுறையில் யாரும் தொடரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றும், முஸ்லிம்களுக்குள் உள்நாட்டுப் பூசல் வெடித்து ஆளாளுக்குத் தங்கள் கட்சிக்குச் சாதகமாக நபிமொழிகளைக் கிளப்பத் தொடங்கிய பிறகே உங்களுக்குச் சொன்ன ஆள் யார் என்று கேட்கும் வழக்கம் வந்தது என்றும் எட்டாம் நூற்றாண்டு அறிஞர் இப்னு ஸீரீன் சொன்னதாக, இன்னொரு நபிமொழித் தொகுப்பாளரான இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்கிறார். ஊர் இரண்டுபட்டபோதுதான் சொல்லுக்கு முகவரி தேவைப்பட்டது.

அந்த முதல் நபிமொழியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எண்ணத்தைப் பற்றிய அந்த நபிமொழி முஸ்லிம் உலகில் மிக அதிகமாகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று. ஆனால் உமர் முதல் யஹ்யா பின் சயீத் வரை அது ஒற்றை இழையில்தான் வருகிறது. யஹ்யாவிடம் வந்த பிறகுதான் பெருங்கூட்டம் அவரிடமிருந்து கேட்டு நாலா திசைக்கும் கொண்டுபோகிறது. நபிமொழியை ஆராயும் ஹதீஸ் அறிஞர்கள் இதில் ஏமாறவில்லை. பின்னால் எத்தனை நூறு பேர் சொன்னாலும் முன்னால் இருப்பது ஒற்றை இழைதான் என்று குறித்து வைத்தார்கள். அந்த ஒற்றை இழையில் இருந்த ஒவ்வொருவரும் நம்பத்தக்கவர் என்று கண்டதால்தான் ஏற்றார்கள். நூறு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வது வேறு, ஒருவர் சொன்னதை நூறு பேர் திருப்பிச் சொல்வது வேறு. எல்லாக் குரூப்பிலும் வந்ததே என்ற பதில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறது. நூறு குழுவில் வந்தாலும் அது ஒரே ஒரு கராச்சி விளம்பரம்தான்.

பழைய அச்சுப் பத்திரிகை இந்தத் தொடரை வாசகர் கண்ணில் படாமல் வைத்திருந்தது. ஆம்பூர்ப் பகுதி நிருபர் எழுதி அனுப்புவார், வேலூர் அலுவலகத்தில் ஒருவர் பார்ப்பார், உதவி ஆசிரியர் வெட்டுவார், ஆசிரியர் பொறுப்பேற்பார். நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி இருக்கும்: அச்சிடுபவர் இன்னார், வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார், அச்சகம் இங்கே. யாரும் படிக்காத அந்த வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த ஆங்கிலேயர் காலச் சட்டத்தை மாற்றி 2023இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அச்சிட்ட தாளுக்குக் கீழே ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் 1867இல் வந்த ஏற்பாட்டின் சாரம். அரசு தன் வசதிக்காக, யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஆனாலும் வாசகருக்கும் அது பயன்பட்டது.

ஃபார்வர்டில் அந்த வரி கிடையாது. 2018 கொலைகளுக்குப் பிறகு அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் என்ன செய்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். திருப்பி அனுப்பிய செய்திக்கு மேலே அது திருப்பி அனுப்பியது என்று காட்டும் குறியை வைத்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வரம்பு கட்டியது. 2020இல் பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அதையும் ஒன்றாகக் குறைத்தது. இது அனுப்பியவரின் சொந்தச் சொல் இல்லை என்பது வரை அந்தக் குறி சொல்லும். யாருடைய சொல் என்று சொல்லாது. உமராபாத்தில் இதைக் காட்டினால் தொடரே இல்லாத செய்தி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இது இஸ்லாமியக் கல்வியின் தனிச் சொத்தல்ல. இந்தியத் தருக்க மரபின் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பிறர் சொல் எப்போது அறிவாகும் என்று கேட்டு, ஆப்தர் சொன்னால் ஆகும் என்கிறார். ஆப்தர் என்றால் பெரிய இடத்து மனிதர் என்று பொருளில்லை. விஷயத்தை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் உள்ளவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் ஒரு போடு போடுகிறார். சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாசாரியார் காண்டல், கருதல், உரை என்று அறியும் வழிகளான அளவைகளை வைக்கும்போது உரைக்கும் இடம் கொடுக்கிறார். பௌத்தர்கள் இன்னும் கறார். இதே பாலாற்றுப் படுகையில் கீழே உள்ள காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளைச் சொல்லும்போது காட்சியும் அனுமானமும் மட்டுமே வருகின்றன. பிறர் சொல்லுக்குத் தனி நாற்காலி கிடையாது. ஒருவர் சொன்னார் என்பதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்று யோசித்து நாமே ஓர் அனுமானத்துக்கு வருகிறோம், அந்த அனுமானத்துக்குத்தான் மதிப்பு என்பது பௌத்தத் தருக்கத்தின் வழி. அப்படியானால் சொன்னவரே இல்லாத செய்தியில் அனுமானிக்க என்ன இருக்கிறது?

திருக்குறளை இங்கே இழுக்காமல் தமிழில் இந்த விஷயத்தைப் பேச முடியாது. யார் சொன்னாலும் சொன்ன பொருளின் மெய்யைப் பார் என்று சொல்லும் குறளைத் தெரியாதவர் இல்லை. பலருக்கு அதுதான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதை வைத்துவிட்டு அடுத்த நிமிடம் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய குரல் பதிவை அனுப்புவதிலும் அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் அந்தக் குறள் கொஞ்சம் தொல்லையும் கொடுக்கிறது. சொன்னவர் யார் என்பதைப் பார்க்காதே, பொருளைப் பார் என்றல்லவா அது சொல்கிறது? ஹதீஸ் அறிஞர்கள் ஆளைப் பார் என்கிறார்கள், வள்ளுவர் பொருளைப் பார் என்கிறார். சோதித்துப் பார்க்கும் வசதி நம் கையில் இருக்கும்போது வள்ளுவர் வழி போதும். ஆற்றில் நுரை வருகிறதா என்று போய்ப் பார்த்துவிடலாம். கராச்சியில் நடந்ததையோ காவல் நிலையத்துக்குள் நடந்ததையோ போய்ப் பார்க்க முடியாது. அங்கே ஆளைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. செய்தியில் முக்கால்வாசி இந்த இரண்டாம் வகைதான்.

நுரை என்றது சும்மா இல்லை. மழை பெய்து பாலாற்றில் தண்ணீர் ஓடினால் ஆம்பூர் பக்கம் மாராபட்டில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி மிதக்கும் காட்சி கைபேசியில் வருவது இப்போது பழக்கமாகிவிட்டது. மழைத்தண்ணீரோடு தண்ணீராக, தோல்ஷாப் என்று இங்கே சொல்லும் தோல் பட்டறைகளின் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர மக்களின் நெடுநாள் புகார். பகுதி நிருபர் ஒருவரின் கைபேசிக்கு அப்படி ஒரு காணொலி விடியற்காலையில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நொடி. நுரை, அதன் பின்னால் பாலத்தின் ஒரு தூண், யாரோ ஒருவரின் சத்தம். இது இந்த மழையில் எடுத்ததா, போன வருஷத்ததா? தூணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? அனுப்பியவரைக் கூப்பிட்டால் மச்சான் அனுப்பினான் என்பார். மச்சானைக் கூப்பிட்டால் கம்பெனி குரூப்பில் வந்தது என்பார். நல்ல நிருபராக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போவார். காலை ஏழு மணிக்குள் யூடியூப் சேனல் நாலில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் போய்ப் பார்த்து வருவதற்கு யாரும் கூடுதலாகக் காசு தரப்போவதில்லை. மாவட்டச் செய்திகளைத் தாங்கி நிற்கும் பகுதி நேர நிருபர்கள் எத்தனையோ ஊர்களில் நிலையான சம்பளமே இல்லாமல் ஓடுகிறவர்கள்.

கைபேசி இல்லாத காலத்தில் இந்தப் பாலாற்றுக் கதைக்குச் சாட்சி தேடிய விதத்தைப் பார்க்க வேண்டும். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. தோல் பதனிடும் பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழாகிவிட்டது என்ற கணக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சொல்லித்தான் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ஒரு கைபேசிக் காணொலியை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க வேண்டுமானால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றம் ஒருவகையில் இன்னும் அறிவிப்பாளர் தொடர் கேட்கிறது. செய்தித் தொழில்தான் அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

தொடர், தொடர் என்று பேசுவது எளிது. தோல்ஷாப் வாசலில் நின்று பேசினால் அதன் இன்னொரு முகம் தெரியும். சுண்ணாம்புக் குழியில் கையுறை இல்லாமல் நிற்க வைக்கிறார்கள் என்பதை உள்ளே வேலை செய்கிறவரைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்? வாத்ஸ்யாயனரின் இலக்கணப்படி அவரைவிட நல்ல ஆப்தர் இல்லை, நேரில் அறிந்தவர். ஆனால் பெயரைச் சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. தோல் வேலையை இழிவாகப் பார்க்கும் சமூகத்தில், தலித் தொழிலாளியின் சொல்லோ ஷூ கம்பெனிப் பேருந்தில் ஏறி வரும் பெண்ணின் சொல்லோ, பெயர் போட்டாலும் எத்தனை பேர் காதில் ஏறும் என்பதும் சந்தேகம். பெயரில்லாத கைபேசிக் காணொலி இவர்களுக்குத்தான் கிடைத்த வாய். எல்லாவற்றுக்கும் தொடர் கேட்டால் பலவீனமானது என்று முதலில் ஒதுக்கப்படுவது பலவீனர்களின் செய்தியாகத்தான் இருக்கும். 1806இல் ஃபோர்ப்ஸ் செய்த தவறும் இதே வகை. சொன்ன ஆளின் தகுதியை மேலே இருந்தவர்களிடம் கேட்டார். மேலே இருந்தவர்கள்தான் கட்சிக்காரர்கள்.

இங்கேதான் செய்தியாளருக்கு வேலை வருகிறது. தொழிலாளியின் பெயர் நிருபருக்குத் தெரிய வேண்டும், வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் இடத்தில் நிருபர் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார். தொடரில் விட்டுப்போன கண்ணியில் போய்த் தானே நிற்கிறார். பொய்யானால் அடி அவருக்கு. செய்தியாளர் என்றால் என்ன என்பதற்கு இன்றைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. முதலில் பார்ப்பதிலோ முதலில் சொல்வதிலோ கைபேசி வைத்திருக்கும் எவரையும் அவரால் இனி முந்த முடியாது. பிறர் சொல்லுக்குத் தன் பெயரை அடகு வைப்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருக்கும் தொழில். சட்டம் இதற்குப் பெரிய பாதுகாப்பு ஒன்றும் தரவில்லை. 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது; அது அந்த மன்றத்தின் விசாரணையோடு நின்றுவிடுகிறது.

பத்திரிகைகளே கண்ணியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொலிகள் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல் என்று தமிழ்நாடு காவல் துறை விளக்கியது. அதற்குள் வட இந்திய நாளிதழிலும் அது ஏறிவிட்டது, பீகார் சட்டமன்றத்திலும் ஏறிவிட்டது. யூடியூபர் மணிஷ் காஷ்யப் கைதானார். வடக்கத்தித் தொழிலாளர்கள் உண்மையிலேயே செத்த கதை ஒன்று இந்தத் தோல் வட்டாரத்தில் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேரை மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த உண்மைச் சாவு, எட்டு வருஷம் கழித்து வந்த பொய்ச் சாவின் அளவுக்கு நாட்டை உலுக்கவில்லை.

அரசே சரிபார்க்கட்டும் என்பது ஒரு யோசனை. 2023இல் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகத்தைத் தொடங்கியது. ஒன்றிய அரசும் தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் பிரிவு ஒன்றை அமைக்க விதி கொண்டுவந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் அந்த விதியை ரத்து செய்தது. பிள்ளை பிடிப்பதாக வரும் வதந்தியை மறுக்க அரசின் குரல் பயன்படும். காவல் நிலையத்தில் நடந்தது பற்றியோ, ஆற்றில் கலந்த கழிவு பற்றியோ வரும் செய்திக்கு அரசே நீதிபதியானால், அது மறுபடி ஃபோர்ப்ஸ் வைத்த விசாரணைதான்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் ஆறாம் வசனம், தீயவன் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்ற கருத்தைச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாம் வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. ஆறு வசன இடைவெளியில் விசாரி என்றும் துருவாதே என்றும் இரண்டு கட்டளைகள். பக்கத்து வீட்டுச் சண்டையையும், காதலித்து ஓடிப்போன பெண்ணின் படத்தையும், விபத்தில் கிடப்பவரின் முகத்தையும் எடுத்துப் போடும் கைபேசி இரண்டாவதை மீறுகிறது. ஆராயாமல் அனுப்பும்போது முதலாவதை மீறுகிறது. ஹதீஸ் அறிஞர்களுக்கே இந்தச் சங்கடம் வந்தது. செத்துப்போன ஓர் அறிவிப்பாளரைப் பொய்யர் என்று எழுதி வைப்பது புறம் ஆகாதா? விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பொதுமக்கள் அவர் சொல்லை நம்பி ஏமாறக் கூடும் என்றால், அந்த அளவுக்கு மட்டும் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். அவர் குடும்பக் கதையோ தோற்றமோ அதில் வராது. இன்றைய யூடியூப் சேனல்களில் பாதி இந்த வரம்பில் தேறாது. ஆம்பூரில் இருக்கும் லுத்தரன் சபைகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சிறிய ஞானோபதேசத்திலும், பொய்ச் சாட்சி கூடாது என்ற எட்டாம் கட்டளைக்கு லுத்தர் கொடுத்த விளக்கம் அத்தோடு நிற்கவில்லை. அடுத்தவனைக் குறித்து நல்லதைப் பேச வேண்டும், அவன் செயலுக்கு நல்ல பொருளே கொள்ள வேண்டும் என்று நீள்கிறது. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால் பத்திரிகையே நடத்த முடியாது என்பது வேறு விஷயம்.

கடைசியில் பாவம் யாருக்கு என்ற கேள்வி. 2018இல் அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களும் தகப்பன்மார்களுமாகத்தான் இருந்திருப்பார்கள். ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம். அதில் கள்ளம் இல்லை. எண்ணத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று வாதாடலாம். ஆறாம் வசனம் அந்த வாதத்தை ஏற்பதாகத் தெரியவில்லை. அது எண்ணத்தைப் பேசவில்லை. அறியாமையால் வரும் தீங்கைப் பேசுகிறது, வருத்தம் மிஞ்சும் என்கிறது. விசாரிக்கும் வசதி இருந்தும் விசாரிக்காதவனின் அறியாமைக்கு மன்னிப்பு குறைவு. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்றும் இமாம் முஸ்லிமின் முன்னுரையில் உண்டு. பொய் என்று தெரிந்து சொல்ல வேண்டும் என்று அது நிபந்தனை வைக்கவில்லை.

பிழை என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கைபேசி எல்லாப் பழைய ஏற்பாடுகளையும் திணற வைக்கிறது. தான் தவறாகச் சொல்லிவிட்டதாக ஓர் அறிவிப்பாளர் பின்வாங்கினால், அதையும் நூல்கள் பதிந்து வைத்தன. நாளிதழ் வருத்தம் தெரிவித்தால், உள்பக்கத்தில் கட்டம் கட்டிச் சின்னதாகப் போட்டாலும், அதே வாசகர்கள் கைக்குத்தான் போகும். மனிதருக்குச் செய்த அநீதியை மனிதரிடமே மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க வேண்டும், தொழுகை மட்டும் அதைத் தீர்க்காது என்பது இஸ்லாமிய நெறி. பிற நெறிகளும் இதிலிருந்து பெரிதாக விலகவில்லை. பரசுராமன்பட்டியில் அடிபட்டுச் செத்தவரின் ஊர், பெயர்கூட அன்றைக்கு அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவரைக் கொல்லக் காரணமான குரல் பதிவை அனுப்பிய ஒருவருக்கு மறுநாள் மனம் உறுத்தினால், அவரால் செய்ய முடிந்தது குழுவில் அதை எல்லோருக்குமாக அழிப்பது. வாட்ஸ்அப் இப்போது அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசம் கொடுக்கிறது. அழித்தாலும் அவர் போட்டது மட்டும்தான் போகும். அவரிடமிருந்து வாங்கி வேறு குழுக்களில் போட்டவர்களின் பதிவுகள் அப்படியே இருக்கும், அவர்கள் யார் என்றும் அவருக்குத் தெரியாது.